லைன், லீஃப், ஃபயர், டஸ்ட்: பல பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், வேலைக்கு விண்ணப்பம் எழுதுபவர்கள், கடன் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று யோசிப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளோம். வாய்விட்டு வாசித்தால் எந்தச் சொல் என்று பிடிபடும்.

ஒரு சொல்லுக்கு எதற்கு இத்தனை பொருள்? ஆங்கிலம் மட்டும்தான் இப்படியா?

தமிழும் இப்படித்தான். 'படி' என்றால் வாசி, ஏறும் படி, அரிசி அளக்கும் படி, 'சொன்னபடி' என்பதில் இன்னொன்று. வேலைக்கு ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டில் 'மூணாம் நம்பர் மலை' என்று சொன்னால் யாரும் சிகரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை, கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கும் இடத்துக்குப் போகிறார்கள். தேயிலைத் தவறணை நாற்று வளர்க்கும் இடம். கள்ளுத் தவறணை வேறு இடம். பக்கத்தில் நிற்கும் சொல் பொருளைக் காட்டிக் கொடுத்துவிடுவதால் நாம் தடுமாறுவதில்லை.

எந்த மொழியிலும் அதிகம் புழங்கும் சின்னச் சொற்களுக்குத்தான் பொருள் பெருகும். 1989இல் வந்த ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் ஏறக்குறைய 430 பொருள்கள் உண்டு. அவற்றை விளக்க 60,000 சொற்கள் தேவைப்பட்டன. பிறகு நடந்த திருத்தப் பணியில் 'ரன்' அதையும் முந்திவிட்டது. ஆங்கிலேயரும் இவை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதில்லை. ஒரு சொல்லுக்கு ஐந்தாறு பொருள் தெரிந்து, மற்றதை வாக்கியத்திலிருந்து ஊகிக்கப் பழகியவருக்குப் பத்திரிகை வாசிக்க முடியும்.

வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று எப்படித் தீர்மானிப்பது?

ஒழுங்கு ஒன்று இருக்கிறது. அதை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில், சொல் பெயரா வினையா என்று பாருங்கள். முன்னால் 'அ', 'த', 'மை', 'யுவர்' வந்தால் பெரும்பாலும் பெயர். முன்னால் 'டு', 'வில்', 'கேன்' வந்தாலோ, முடிவில் 'எட்', 'இங்' ஒட்டியிருந்தாலோ பெரும்பாலும் வினை. இந்த ஒரு படியிலேயே பாதிப் பொருள்கள் கழிந்துவிடும். அடுத்து, வினையானால் யார் செய்கிறார், எதைச் செய்கிறார் என்று கேளுங்கள். மூன்றாவதாக, அதன் பின்னால் 'அப்', 'அவுட்', 'ஒஃப்' போன்ற குட்டிச் சொல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் இரண்டையும் சேர்த்தே அகராதியில் தேட வேண்டும். கடைசியாக, கிடைத்த பொருளை வாக்கியத்தில் வைத்துத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பேத்தலாகக் கேட்டால் பொருள் தவறு.

'ஃபயர்' என்ற சொல்லை எடுப்போம். 'த ஃபெக்டரி கோட் ஃபயர்': இங்கே அது பெயர், தொழிற்சாலை தீப்பிடித்தது. 'த ஃபெக்டரி ஃபயர்ட் ட்வென்டி வேர்க்கர்ஸ்': வினை, எதை என்றால் ஆட்களை, இருபது பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். 'த ஃபெக்டரி ஃபயர்ட் த டீ': வினை, எதை என்றால் தேயிலையை, சூடான காற்றில் உலர்த்தினார்கள். மூன்றிலும் முதல் இரண்டு சொற்களில் மாற்றமே இல்லை. பொருளை மாற்றியது பின்னால் வந்த சொல்.

தோட்டத்தில் நாம் பேசுவது உடைந்த ஆங்கிலம் என்கிறார்களே, அது சரியா?

சரியில்லை. அதை நம்பி வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. பிரட்டு என்பது 'பரேட்'. ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் அணிவகுப்பு. வேலைக்கு வந்தவர்களைப் பதியும் செக்ரோலில் உள்ள 'ரோல்' என்றால் பெயர்ப்பட்டியல். அந்தக் காலத்தில் பட்டியல்களைச் சுருளாகச் சுருட்டி வைத்ததால் வந்த பெயர். பாடசாலையில் எடுக்கும் 'ரோல் கோல்' என்பதிலும் இதே ரோல்தான். தொழிற்சாலையை மூத்தவர்கள் 'ஸ்டோர்' என்பது கோப்பிக் காலத்துப் பழக்கம். கோப்பிக் கொட்டையைக் காயவைத்துச் சேமித்த கட்டடத்தின் பெயர் தேயிலைக்கும் தொடர்ந்தது. இவை எல்லாம் முறையான ஆங்கிலச் சொற்கள். தோட்டத்துக்குள் ஒரு பொருளில் மட்டும் நிலைத்துவிட்டன.

சிக்கல் வருவது தோட்டத்துக்கு வெளியேதான். விண்ணப்பத்தில் அப்பாவின் தொழிலை 'கண்டக்டர்' என்று எழுதினால் கொழும்பில் வாசிப்பவர் பஸ் நடத்துநர் என்று நினைப்பார். வெளிநாட்டில் இசைக்குழுவை நடத்துபவரும் கண்டக்டர், மின்சாரம் கடத்தும் பொருளும் கண்டக்டர். ஆகவே 'ஃபீல்ட் ஒஃபிஸர், டீ எஸ்டேட்' என்று எழுதுங்கள். 'டிஸ்பென்சர்' என்றால் இன்று பலருக்குச் சவர்க்கார நீர் தரும் பெட்டி. தோட்டத்து மருந்தகத்தில் வேலை என்றால் 'எஸ்டேட் மெடிக்கல் அசிஸ்டன்ட்' என்பது தெளிவு. 'சூப்பரின்டென்டன்ட்' வெளியில் பொலிஸ் பதவி. பெரிய துரையைக் குறிக்க 'எஸ்டேட் மெனேஜர்' போதும். 'ஹாஃப் நேம்' என்று எழுதினால் வெளியே ஒருவருக்கும் விளங்காது. அரைப்பேர் என்பதை 'அரைநாள் சம்பளம்' என்ற பொருள் வரும்படி ஆங்கிலத்தில் விரித்து எழுத வேண்டும்.

'எஸ்டேட்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். நீதிமன்ற அறிவித்தலில் ஒருவரின் பெயரோடு 'எஸ்டேட்' வந்தால் அவர் தோட்ட முதலாளி என்று அர்த்தமில்லை. அவர் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்து முழுவதையும் அது குறிக்கிறது. ஒரு சைக்கிள் மட்டும் இருந்தாலும் அது எஸ்டேட்தான்.

இணையப் படிவத்தில் 'அட்ரஸ் லைன் 1' என்று கேட்கிறது. லயன் இலக்கத்தையா கேட்கிறார்கள்?

இல்லை. இங்கே 'லைன்' என்றால் எழுத்து வரி, நாம் குடியிருக்கும் லயன் வரிசை வீடு அல்ல. முகவரியின் முதல் வரியை எழுதச் சொல்கிறார்கள். முதல் வரியில் வீட்டு இலக்கம், லயன் இலக்கம், டிவிஷன் பெயர். இரண்டாம் வரியில் தோட்டத்தின் பெயர். 'சிட்டி' என்ற இடத்தில் தபாலகம் உள்ள ஊர். 'போஸ்டல் கோட்' என்ற இடத்தில் ஐந்து இலக்க எண். ஹட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200, பதுளைக்கு 90000. உங்கள் உப தபாலகத்துக்குத் தனி எண் இருக்கலாம், அங்கேயே கேட்டு எழுதுங்கள். காம்பரா (லயன் வீட்டு அறை) இலக்கத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்ட ஒபிஸில் தேங்கிவிடும். திகதி முடிந்த பிறகு கைக்கு வரும்.

இந்தச் சொல்லின் மற்றப் பொருள்கள்: ரயில் பாதை, உடுப்புக் காயப்போடும் கொடி, தொலைபேசித் தொடர்பு, அமெரிக்கப் பேச்சில் கியூ வரிசை. எல்லாவற்றிலும் நீளமாக ஓடும் கோடு ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்து நீளமாகக் கட்டிய வீடுகளுக்கு லைன் என்று பேர் வந்ததும் அதனால்தான். பக்கத்தில் ஒட்டியிருக்கும் 'காம்பரா' ஆங்கிலம் அல்ல, போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது.

'லீஃப்', 'லீவ்ஸ்', 'லீவ்' மூன்றும் ஒன்றா?

இல்லை. இவற்றுள் மூன்று வெவ்வேறு சொற்கள் கலந்திருக்கின்றன. இலை ஒன்று 'லீஃப்', பல 'லீவ்ஸ்'. புறப்படு, விட்டுச்செல் என்பது 'லீவ்'. அவள் புறப்படுகிறாள் என்றால் 'ஷி லீவ்ஸ்'. விடுமுறை என்ற 'லீவ்' பழைய ஆங்கிலத்தில் அனுமதி என்று பொருள்பட்ட வேறொரு சொல்லிலிருந்து வந்தது. லீவு கேட்பது என்றால் வேலைக்கு வராமலிருக்க அனுமதி கேட்பது. அந்தப் பழைய பொருள் இன்னும் உள்ளே இருக்கிறது.

பிள்ளைகள் பரீட்சையில் தவறவிடும் ஓர் இடம்: 'த பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ்' என்பதில் 'லீவ்ஸ்' என்பதை இலைகள் என்று எழுதிவிடுவார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் வந்திருக்கிறது, நேரம் சொல்லப்பட்டிருக்கிறது, எனவே வினை.

தேயிலைத் தொழிலில் கொழுந்தைக் கணக்கெழுதும்போது 'கிரீன் லீஃப்' என்று ஒருமையில்தான் எழுதுவார்கள், 500 கிலோ இருந்தாலும் சரி. நாமும் 'கொழுந்துகள் நிறுத்தாச்சா' என்று கேட்பதில்லையே, 'கொழுந்து நிறுத்தாச்சா' என்றுதான் கேட்கிறோம். அரிசி, மணல் போல எண்ணாமல் அளப்பதற்கு ஆங்கிலமும் ஒருமையைத்தான் வைக்கும்.

தொழிற்சாலையில் கேட்கும் சொற்களை அகராதியில் பார்த்தால் பொருத்தமில்லாத பொருள் வருகிறதே?

அகராதி பொதுப் பொருளை முதலில் தரும், தொழில் பொருளைக் கடைசியில் தரும், சிலவேளை தராமலே விடும். கொழுந்து போகும் வழியே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'விதரிங்': பொதுவாக வாடி வதங்கி அழிந்துபோதல். இங்கே வேண்டுமென்றே செய்வது. பச்சைக் கொழுந்தைத் தட்டில் பரப்பிக் காற்று விட்டு, பெரும்பாலும் இரவு முழுவதும், ஈரத்தைக் குறைப்பார்கள். வாடாத கொழுந்தை உருட்டினால் முறுகாமல் நொறுங்கும்.

'ரோலிங்': உருட்டுதல். இலையை முறுக்கி அதன் சாற்றை வெளியே கொண்டுவரும் வேலை. அதே 'ரோல்' செக்ரோலில் பட்டியல். தேத்தண்ணிக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் ரோல்ஸில் சுருட்டிப் பொரித்த பண்டம். தொழிற்சாலை, ஒபிஸ், கடை மூன்றும் ஒரே ரோட்டில் இருக்கும் தோட்டத்தில் ஒரு பிள்ளை இந்த மூன்று பொருளையும் பாடசாலைக்குப் போகும் வழியிலேயே படித்துவிடலாம்.

'ஃபெர்மென்டேஷன்': அகராதி நொதித்தல், புளித்தல் என்று சொல்லும். தோசை மா புளிப்பதற்கு நுண்ணுயிர்தான் காரணம். தேயிலையில் நடப்பது அதுவல்ல. நசுங்கிய இலையிலுள்ள நொதியம் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து வேலை செய்வதால் பச்சை நிறம் செம்பாகிறது. விஞ்ஞானப் பாடத்தில் கேட்டால் ஒட்சியேற்றம் என்று எழுத வேண்டும். தொழிலில் பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது.

'ஃபயரிங்': ஏறக்குறைய 90 முதல் 100 பாகை செல்சியஸ் வரை சூடான காற்றில் 20 நிமிடமளவு உலர்த்தல். ஈரப்பதன் 3 சதவீதம் அளவுக்கு இறங்கும். நெருப்பு இலையைத் தொடுவதே இல்லை.

'மேட் டீ': முடிந்த தேயிலைத்தூள். 'நான் தேத்தண்ணி ஊற்றினேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் வரும் 'மேட் டீ' வேறு. ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்தில் ஒரு கிலோ மேட் டீ கிடைக்கும். இந்த விகிதத்தை 'அவுட்டர்ன்' என்பார்கள். சொல்லைத் திருப்பிப் போட்டு 'டர்ன் அவுட்' என்றால் கூட்டத்துக்குத் திரண்டு வருதல், விளக்கை அணைத்தல், கடைசியில் இன்னதாக முடிதல் என்று பொருள் வேறாகிவிடும்.

டஸ்ட் என்றால் தூசி, புரோக்கன் என்றால் உடைந்தது. அப்படியானால் நாம் குடிப்பது கழிவா?

இல்லை. இவை அளவின் பெயர்கள். சலித்துப் பிரிக்கும்போது பெரிய முழு இலை ஒரு பக்கம், சிறிதாக உடைத்தது 'புரோக்கன்', அதைவிடச் சிறியது 'ஃபேனிங்ஸ்', மிகச் சிறியது 'டஸ்ட்'. துகள் சிறியதாக இருந்தால் சாயம் சீக்கிரம் இறங்கும், கடுப்பும் கூடும். அதனால்தான் கடைகளில் டஸ்ட்டை விரும்புகிறார்கள். ஏலத்திலும் அது நல்ல விலைக்குப் போவதுண்டு.

பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ் பீக்கோ) என்ற தேயிலை வகையின் மூன்றெழுத்தில் நடுவில் நிற்பது 'ஒரேஞ்'. தோடம்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அந்தச் சுவையும் இல்லை. ஒல்லாந்து அரச குடும்பமான ஒரேஞ்சின் பெயரோடு இணைத்துச் சொல்வதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 'பீக்கோ' சீனச் சொல். மொட்டின் மேல் இருக்கும் வெண்ணிறப் பூனைமயிரைக் குறித்தது. ஆக தேயிலைப் பெட்டியின் மேல் அச்சிட்ட அந்தப் பெயரை அகராதியின் முதல் பொருளை மட்டும் வைத்து விளங்கிக்கொள்ள முடியாது.

'ஃப்ளஷ்' பற்றிக் கேட்டால் எல்லோரும் கழிவறையைச் சொல்கிறார்கள்.

அடிப்படையில் அது வேகமாகப் பாய்ந்து வருவது. தண்ணீர் பாய்ந்தால் கழிவறை ஃப்ளஷ். முகத்தில் இரத்தம் ஏறினால் முகம் ஃப்ளஷ் ஆனது. மழைக்குப் பிறகு செடியெங்கும் புதுக்கொழுந்து ஒன்றாகக் கிளம்பினால் அதுவும் ஃப்ளஷ். பாய்தல் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மூன்றும் கைக்குள் வரும். 'ஃப்ளஷ் வித் த வோல்' என்பது மட்டும் விலகி நிற்கும்: சுவரோடு மட்டமாக, துருத்தாமல். தச்சு வேலை, டைல் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

நாம் இங்கே பேசும் ஆங்கிலத்தை வெளிநாட்டில் பேசினால் விளங்குமா?

பெரும்பாலும் விளங்கும், சில இடங்களில் சறுக்கும். ஹோட்டல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வெளிநாடு போகிறவர்கள் பின்வருவனவற்றை மனதில் வையுங்கள். பால் இல்லாத தேநீரை அங்கே 'பிளெக் டீ' என்று கேட்டால்தான் விளங்கும். நம் 'பிளேன் டீ' இலங்கைப் பேச்சு. 'பிளேன்' என்றால் எளிமையான, தெளிவான என்றும் பொருள். சமவெளி என்றும் பொருள். 1831 முதல் 1837 வரை இங்கே ஆளுநராக இருந்த வில்மொட் ஹோர்டனின் பேரில் உள்ள ஹோர்டன் பிளேன்ஸில் இருப்பது அந்தச் சமவெளிதான். ஆகாய விமானமான 'பிளேன்' உச்சரிப்பில் ஒன்று, எழுத்தில் வேறு.

பஸ்ஸில் மீதிக் காசை நாம் 'பெலன்ஸ்' என்போம், அங்கே 'சேஞ்ச்'. சாப்பாட்டுக் கடையை நாம் 'ஹோட்டல்' என்போம். அங்கே ஹோட்டல் தங்கும் இடம் மட்டுமே, சாப்பிட 'ரெஸ்டோரன்ட்' அல்லது 'கஃபே'. 'கரண்ட் இல்லை' என்பதை 'பவர் கட்' என்று சொல்லுங்கள். 'கரண்ட்' என்று எழுத்தில் கண்டால் பெரும்பாலும் 'தற்போதைய' என்று பொருள். 'கரண்ட் அட்ரஸ்' என்று படிவம் கேட்டால் இப்போது இருக்கும் முகவரி. 'டியூஷன்' அமெரிக்காவில் பெரும்பாலும் பல்கலைக்கழகக் கட்டணம்.

கடன் கடிதத்தில் 'அவுட்ஸ்டேண்டிங்' என்று வந்திருக்கிறது. பாராட்டா?

பாராட்டல்ல. இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு சொல்லைத் தவறாக எடுத்தால் வீட்டுச் சாமானே போய்விடும்.

பாடசாலை அறிக்கையில் 'அவுட்ஸ்டேண்டிங்' என்றால் மிகச் சிறப்பு. கடன் கடிதத்தில் அதே சொல் 'இன்னும் கட்டப்படாத'. கடிதங்களில் வழமையாக வரும் வாசகம் ஒன்று: 'தி அவுட்ஸ்டேண்டிங் பெலன்ஸ் இஸ் டியூ ஒன் த ட்வென்டியத், இன்ட்ரெஸ்ட் வில் பி சார்ஜ்ட் ஒன் அரியர்ஸ்.' இதில் 'பெலன்ஸ்' பஸ்ஸில் நமக்குத் திரும்பி வரும் காசு அல்ல, நாம் கட்ட மிச்சமிருப்பது. 'டியூ' என்றால் கட்ட வேண்டிய நாள். 'டியூ டு' என்று வந்தால் மட்டுமே 'காரணமாக'. 'இன்ட்ரெஸ்ட்' ஆர்வம் அல்ல, வட்டி. 'சார்ஜ்' ஃபோனுக்கு ஏற்றும் சார்ஜ் அல்ல, அறவிடுதல். 'அரியர்ஸ்' நிலுவை. முழுவதும் சேர்த்தால்: மீதிக் கடனை 20ஆம் திகதி கட்ட வேண்டும், கட்டத் தவறிய நிலுவைக்கு வட்டி விழும்.

கூட வரக்கூடிய சொற்கள்: 'பிரின்சிப்பல்' பாடசாலையில் அதிபர், கடனில் அசல். 'டேர்ம்' பாடசாலையில் தவணை, கடனில் கடன் காலம். பன்மையில் 'டேர்ம்ஸ்' என்றால் நிபந்தனைகள். 'டிஃபோல்ட்' ஃபோனில் முதலிலேயே இருக்கும் அமைப்பு. கடனில் கட்டத் தவறுதல். 'செட்டில்' ஓரிடத்தில் குடியேறுதல், கடனில் முழுவதையும் கட்டித் தீர்த்தல்.

எல்லாவற்றிலும் பெரிய பொறி 'ஃப்ளெட்'. தட்டையான, காற்றுப் போன டயர், மாடி வீடு என்றெல்லாம் பொருள் உண்டு. 'ஃப்ளெட் ரேட்' என்றால், நீங்கள் எவ்வளவு கட்டி முடித்தாலும் முதலில் வாங்கிய தொகை முழுவதற்கும் மாதாமாதம் வட்டி. ரூபா 50,000 கடன், 12 மாதம், மாதம் 2 சதவீதம் என்று வையுங்கள். ஃப்ளெட் ரேட்டில் மாதம் 1,000 வீதம் மொத்த வட்டி 12,000. 'ரெடியூசிங் பெலன்ஸ்' முறையில், அசலைச் சமமாகக் கட்டிவந்தால், குறைந்துவரும் மீதிக்கு மட்டுமே வட்டி, மொத்தம் 6,500. சதவீதம் ஒன்றே, வித்தியாசம் 5,500 ரூபா. கையெழுத்து வைக்க முன் அம்மாமார் கேட்க வேண்டியது இது: 'வட்டி ஃப்ளெட்டா, ரெடியூசிங்கா?' பதிலைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

'பை' என்பதற்கும் 'அன்டில்' என்பதற்கும் என்ன வித்தியாசம்? தமிழில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

'அப்ளை பை த தேர்ட்டியத்' என்றால் 30ஆம் திகதிக்குள், அதற்கு முன் எந்த நாளும் ஒருமுறை விண்ணப்பித்தால் போதும். 'ஓப்பன் அன்டில் த தேர்ட்டியத்' என்றால் 30ஆம் திகதிவரை தொடர்ந்து திறந்திருக்கும். ஒருமுறை நடந்து முடிவதற்கு 'பை', நீடித்துக்கொண்டிருப்பதற்கு 'அன்டில்'. பின்னால் நாள், நேரம் இல்லாமல் ஆளோ பொருளோ வந்தால் 'பை' வேறு: 'பை பஸ்' பஸ்ஸில், 'பை மை மதர்' என் அம்மாவால்.

படிவங்களில் தவறு வரும் வேறு சொற்கள்?

'ஸ்டேட் யுவர் ரீசன்ஸ்': இங்கே 'ஸ்டேட்' அரசு அல்ல, 'கூறுக'. 'பிளொக் லெட்டர்ஸ்': காணித்துண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை, பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறார்கள். 'போஸ்ட் அப்ளைட் ஃபோர்': தபால் அல்ல, கேட்கும் பதவி. 'டேட் ஒஃப் இஷ்யூ': அடையாள அட்டை வழங்கப்பட்ட நாள், உறுதிப்பத்திரத்திலும் மரண சாசனத்திலும் 'இஷ்யூ' என்றால் பிள்ளைகள். 'மைனர்': சிறிய என்பதோடு, சட்டத்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்.

ஒரே சொல்லுக்கு நேரெதிரான இரண்டு பொருள் இருக்க முடியுமா?

முடியும். 'டஸ்ட்' வினையாக வந்தால் மேசையில் தூசியைத் துடைத்தலும், கேக்கின் மேல் சீனித்தூள் தூவுதலும். 'சேங்ஷன்' அனுமதி, பன்மையில் நாடுகளுக்கிடையே பேசும்போது தடை. 'டேபிள்' தேயிலைச் செடியின் மட்டமான மேற்பரப்பு, கொழுந்தெடுக்கும் உயரம். பாராளுமன்றச் செய்தியில் அது வினை. பிரித்தானிய முறையில் ஒரு பிரேரணையை 'டேபிள்' செய்தால் விவாதத்துக்கு முன்வைத்தார்கள். அமெரிக்காவில் அதையே சொன்னால் ஒத்திப்போட்டார்கள். இலங்கைப் பத்திரிகைகளில் பிரித்தானியப் பொருளை எடுங்கள்.

எழுத்து ஒன்றாக இருந்து உச்சரிப்பு மாறினால் பொருளும் மாறுமா?

ஆம். இரண்டு அசைச் சொற்களில் பல இப்படி: முதல் அசையை அழுத்தினால் பெயர், இரண்டாவதை அழுத்தினால் வினை. 'ரெக்'கில் அழுத்தினால் பதிவு, 'கோர்ட்'டில் அழுத்தினால் பதிவு செய். 'ரெ'யை அழுத்தி 'ரெஃபியூஸ்' என்றால் குப்பை. 'ஃபியூஸ்'ஸை அழுத்தினால் மறு.

மலையில் அடிக்கடி உதவும் ஒன்று: காற்று 'விண்ட்', சுற்று 'வைண்ட்'. ரம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் ரோட்டு 'வைண்டிங் ரோட்', அதாவது வளைந்து வளைந்து போவது. 'விண்டிங்' என்று வாசித்துக் காற்றடிக்கும் ரோட்டு என்று எழுதிவிடாதீர்கள். 'டியர்' கண்ணீர், 'டெயர்' கிழி. 'லீட்' வழிநடத்து, 'லெட்' ஈயம்.

நம் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் உண்டா? பொருள் மாறிவிட்டதா?

உண்டு, பலவற்றில் பொருள் மாறியது. கட்டுமரம் 'கட்டமரான்' ஆகி, இன்று இரண்டு உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. மிளகுத்தண்ணி 'மலிகட்டானி' என்ற கெட்டிச் சூப்பாகிவிட்டது. சுருட்டு 'செரூட்'. 'கேஷ்' இரு வேறு சொற்கள்: இன்றைய ரொக்கம் பெட்டி என்று பொருள்பட்ட பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது, பழைய ஐரோப்பியக் குறிப்புகளில் சிறு நாணயத்துக்கு வரும் 'கேஷ்' நம் காசு.

ஒரு சொல்லில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குத் தரும் ஊதியம். ஆங்கிலத்தில் 'கூலி' ஊதியத்தைக் குறிக்காமல் மனிதரைக் குறித்தது. நம் கூலியோடும் குஜராத்தின் கோலி மக்களின் பெயரோடும் அதைத் தொடர்புபடுத்துவார்கள். பழைய அரச ஆவணங்களில் சாதாரணமாக வரும் அந்தச் சொல் இன்று வசைச்சொல். பாட்டன் பாட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகள் 'பிளான்டேஷன் வேர்க்கர்ஸ்' என்று எழுதுங்கள். பழைய ஆவணத்தை எடுத்துக்காட்ட நேர்ந்தால் மேற்கோள் குறிக்குள் மட்டும் அந்தச் சொல்லை வையுங்கள்.

எந்த அகராதியைப் பார்ப்பது? ஃபோன் மொழிபெயர்ப்பு போதாதா?

மாணவர்களுக்காகச் செய்த ஆங்கில அகராதியை எடுங்கள். அதில் அதிகம் புழங்கும் பொருள் முதலில் வரும். பெரிய ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியில் மிகப் பழைய பொருள் முதலில் வரும், ஆகவே முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து மூடிவிட்டால் 300 வருடத்துக்கு முந்திய பொருளை எழுதிவிடுவீர்கள். சொல்லுக்குப் பக்கத்தில் சிறு இலக்கமிட்டு இரண்டு தனிப் பதிவுகள் இருந்தால் அவை பிறப்பிலேயே வேறான சொற்கள், இரண்டையும் பாருங்கள்.

ஃபோனில் தனிச் சொல்லைப் போடாதீர்கள், முழு வாக்கியத்தைப் போடுங்கள். வந்த தமிழை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பாருங்கள். முதலில் போட்டதோடு ஒத்துவராவிட்டால் பொருள் எங்கோ நழுவியிருக்கிறது. தேயிலைத் தொழில் வாக்கியங்களில் இது அடிக்கடி நடக்கும். அப்போது தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடமோ தோட்டத்தில் வேலை செய்த பெரியவரிடமோ கேட்பதே சரியான வழி.

குறிப்புப் புத்தகத்தில் சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தின் நடுவில் சொல், சுற்றிவர நீங்கள் கண்ட வாக்கியங்கள், ஒவ்வொன்றின் கீழும் தமிழ், எங்கே கண்டீர்கள் என்ற குறிப்பு: 'பஸ் போர்ட்', 'கடன் கடிதம்', 'ஒன்பதாம் தரப் புத்தகம்'. இடத்தோடு எழுதிய சொல் மறப்பதில்லை. முதல் பக்கத்தை 'லைன்' என்ற சொல்லுக்கே கொடுங்கள். வீட்டு வாசலில் நின்றாலே நான்கு வாக்கியம் கிடைக்கும்.